விளக்கப்படத்தில் இல்லாத உயிர்கள்: பினாங்கில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு

கடந்த ஆண்டு பணி ஓய்வு பெற்றபோது, எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் அறைச் சுவரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கிய விளக்கப்படம் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'அழிவை எதிர்நோக்கும் நம் நாட்டு விலங்குகள்' என்பது அதன் தலைப்பு. புலி, யானை, காண்டாமிருகம், தாப்பீர், கடலாமை என ஐந்து படங்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் காண்டாமிருகத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. 2019 மே மாதம் சபாவில் 'தாம்' என்ற ஆண் காண்டாமிருகமும், அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் 'ஈமான்' என்ற பெண் காண்டாமிருகமும் இறந்தன. மலேசியாவில் இருந்த கடைசி சுமத்ராக் காண்டாமிருகம் ஈமான்தான். 2020 ஜனவரியில் பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், இனிமே இந்தப் படத்த எடுத்திடலாமா?" என்று கேட்டாள். நான் எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு அன்று ஒழுங்கான பதில் எதையும் நான் சொல்லவில்லை.

அந்த ஐந்து பெரிய விலங்குகளுக்கு அப்பால் எங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்பதை நானே நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம். உலகின் உயிர்வளத்தில் பெரும்பங்கைத் தம்மிடம் வைத்திருக்கும் 17 நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியவள் அந்த வளத்தில் எவ்வளவைக் கண்ணால் பார்த்திருக்கிறாள் என்று கேட்டால், மிகக் குறைவு என்பதுதான் உண்மை. பினாங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. அண்ணன் மகன் ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறான். அவன் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பினாங்கு மலை தெரியும்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் காலையில் ஏறிய மின்ரயில், பேராக் மாநிலத்தைக் கடக்கும்போது இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையைத்தான் காட்டிக்கொண்டு வந்தது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் நடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமாரம்; அது 'தென்னைமரம்' என்ற நம் சொல்லைத் தவிர வேறில்லை. இன்று நாட்டில் ஏறத்தாழ 56 இலட்சம் ஹெக்டேரில் செம்பனை நிற்கிறது. நான் பிறந்ததும் இப்படி ஒரு தோட்டத்தில்தான். 1970களில் என் அம்மாவுக்கு அங்கே கொடுக்கப்பட்ட வேலை, பெண்பூக் குலைகளுக்குக் கையால் மகரந்தம் தூவுவது. மாவுடன் கலந்த மகரந்தத்தைக் குப்பியில் அடைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய், மட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு ஊதிவிட்டு வருவார். கைகளெல்லாம் முள் கீறியிருக்கும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டபிறகு அந்த வேலை இல்லாமற்போனது. செம்பனையின் பிறப்பிடமான ஆப்பிரிக்காவில் அந்த வண்டுதான் அதற்கு மகரந்தம் சேர்க்கிறது. மரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வண்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த விடுபட்ட வண்டின் வேலையைத்தான் பல ஆண்டுகளாகத் தோட்டத்துப் பெண்களைப் போன்றவர்கள் செய்தார்கள் என்பது எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போனபிறகுதான் விளங்கியது. ஓர் உயிரைத் தனியே பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால், அதனுடன் இணைந்திருந்த மற்றோர் உயிரின் வேலையை யாராவது கூலிக்குச் செய்ய வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறியபோது நண்பகல் கடந்திருந்தது. துறைமுகத்தின் மேல் கருடன்கள் இரண்டு வட்டமிட்டன. தீவு நெருங்க நெருங்க மலையின் முதுகில் சாம்பல் நிறத் திட்டுகள் தென்பட்டன. பட்டுப்போன மரங்களாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். 'புலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு. ஒரு மரத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊருக்கு மரங்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பது மனத்துக்கு இதமாக இருந்தது.

இரண்டாம் நாள்: மலை

முதலில் ஒரு திருத்தம். நேற்று பட்டுப்போன மரங்கள் என்று எழுதியது தவறு. அவை உயிருள்ள மரங்கள். அதுவும் இந்த மலையிலேயே உயரமானவை.

காலை ஆறரை மணிக்கு முதல் மலைரயிலில் ஏறினோம். 1923 முதல் இங்கே கம்பிவட ரயில் ஓடுகிறது. உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, காட்டுப் பாதையில் எங்களை அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த இளைஞருக்காகக் காத்திருந்தோம். அவர் பினாங்குத் தமிழர். இயற்கை வழிகாட்டியாக ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறார். நான் ஆசிரியையாக இருந்தவள் என்று அண்ணன் மகன் சொன்னதும், "அப்படினா டீச்சர், நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் நான் பயந்துக்கிட்டே வரணும்" என்று சிரித்தார். உண்மையில் நான்தான் அன்று முழுவதும் மாணவியாக இருந்தேன்.

சாம்பல் திட்டுகளைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவை 'செராயா' மரங்களின் உச்சிகள். மலைமுகடுகளில் வளரும் இந்த மரத்தின் இலைக்கூட்டம் தொலைவிலிருந்து பார்க்கும்போது நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயரில் 'கர்ட்டிசி' என்று வருகிறது. 1884இல் தொடங்கப்பட்ட பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளரான சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. செராயா, மெராந்தி, செங்கால், காப்பூர் ஆகிய மரங்களெல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் பெரும்பாலானவற்றின் காய்களுக்கு இறகுகள் உண்டு. விழும்போது சுழன்று சுழன்று இறங்கும். காப்பூர் மரத்தின் பிசினைத்தான் நம் முன்னோர்கள் பச்சைக் கற்பூரமாகக் கடல் கடந்து வாங்கிச் சென்றார்கள். அந்த வணிகத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்கு அருகில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இந்தக் காட்டு மரங்களுடன் நமக்குள்ள உறவு, ரப்பர்த் தோட்டங்களுக்கு எண்ணூறு ஆண்டுகள் முற்பட்டது.

இந்தக் குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டுகளோ ஏழு ஆண்டுகளோ காத்திருந்து, வறட்சியோ குளிரோ ஏதோ ஒரு குறிப்புக் கிடைத்ததும், காடு முழுவதும் பல இனங்கள் ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கின்றன. விதைகள் அத்தனையையும் காட்டுப்பன்றியும் அணிலும் தின்று தீர்க்க முடியாது என்பதால் சில தப்பி முளைக்கின்றன. அந்த விதைகளுக்கு உறக்கநிலை கிடையாது. சில வாரங்களுக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடும். நெல்லையோ கேழ்வரகையோ போலக் குதிருக்குள் சேர்த்துவைத்துப் பின்னாளில் விதைத்துக்கொள்ளலாம் என்ற வழி இவற்றுக்கு இல்லை. நிற்கும் மரத்தைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி என்று வழிகாட்டி சொன்னதைக் குறிப்பேட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டேன்.

மூங்கில் கொத்து ஒன்றைத் தாண்டியபோது கிளைகள் சலசலத்தன. கருஞ்சாம்பல் உடலும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக எட்டுக் குரங்குகள். மலாயில் 'லோத்தோங்' என்பார்கள். நம் பழைய பாட்டுகளில் வரும் முசு இவற்றின் உறவினம்தான். ஒரு தாயின் மார்பில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும் குட்டி, சில மாதங்களில் தாயின் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இலைதான் இவற்றின் முதன்மை உணவு. அதைச் செரிக்க மாட்டினுடையதைப் போலப் பல அறைகள் கொண்ட வயிறு. தரையில் நடப்பதை விரும்பாத இந்தக் குரங்குக்கு, மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு சாலை வந்துவிட்டால் காடு அங்கேயே முடிந்துவிடுகிறது. உயிரினங்களின் அழிவு நிலையைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் இது இப்போது அழிவுக்குள்ளாகும் இனம். கீழே பூங்காவில் கூட்டங்கூட்டமாகத் திரியும் நீள்வால் குரங்கையும் 2022இல் அதே நிலையில் வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகனால் அதை நம்ப முடியவில்லை. "அத்தை, அது எங்க வீட்டுக் குப்பத்தொட்டியிலயே நாலு இருக்கு!" என்றான். கண்ணெதிரே நிறைய இருக்கிறது என்பதாலேயே ஓர் இனம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். காடு சுருங்கச் சுருங்க, மிச்சமிருப்பவை நம் வாசலுக்கு வருகின்றன. அதனால் பெருகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது.

இன்றைய நாளில் என்னை மிகவும் பாதித்தது குரங்கோ மரமோ அல்ல. பாதையோரத்து மண்சரிவில் வழிகாட்டி குனிந்து எதையோ தேடிவிட்டு, மண்ணோடு மண்ணாக இருந்த ஒரு வட்டத்தைக் காட்டினார். பத்துக் காசு நாணயத்தை விடச் சற்றுப் பெரியது. அதைச் சுற்றி, சூரியன் படத்துக்குக் குழந்தைகள் கோடு போடுவதைப் போல, மெல்லிய பட்டு இழைகள் மண்ணில் விரிந்திருந்தன. அது ஒரு கதவு. அதன் பின்னால் பொறிக்கதவுச் சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. எறும்போ பூச்சியோ இழையை மிதித்தால் உள்ளே இருக்கும் சிலந்தியின் காலுக்கு அதிர்வு எட்டும். கதவைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து இழுத்துக்கொள்ளும். மற்றச் சிலந்திகளுக்கு வயிறு ஒரே உருண்டையாக இருக்க, இதற்கு மட்டும் வயிற்றின் மேல் வரிவரியான தகடுகள் உண்டு. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய சிலந்திகளின் உடலமைப்பு அது. பத்துமலையின் இருட்டுக் குகையில் இதன் பங்காளி ஒன்று வாழ்கிறது. தைப்பூசத்துக்கு நான் எத்தனையோ முறை 272 படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். வழியில் இருக்கும் அந்தக் குகைக்குள் உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஓர் உயிர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை.

"இடத்த மட்டும் எழுதாதீங்க டீச்சர். தோண்டி எடுத்து விக்கிறவங்க இருக்காங்க" என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

இன்னொன்று. வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு சிறிய மரத்தை அவர் காட்டினார். இப்போது பூ இல்லை, வெறும் இலைகள்தாம். அதன் பேரினம் மைங்காயா. அந்தப் பேரினத்தில் உலகிலேயே ஒரே ஓர் இனம்தான் உண்டு. அது தீபகற்ப மலேசியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கும் பினாங்கு மலை, பேராக் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் வளர்கிறது. ஒதுக்கமாக, யாருடைய கவனத்தையும் கோராமல் நின்றது. இலையைத் தொட்டுப் பார்த்தேன்; சாதாரண இலைதான். ஆனால் கையை எடுக்க மனம் வரவில்லை.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்த மலையையும், அதைச் சார்ந்த காடுகளையும், வடமேற்குக் கடற்பரப்பையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இது மூன்றாவது. பெருமைக்குரிய செய்திதான். ஆனாலும் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தபோது, அடிவாரத்திலிருந்து கட்டடங்கள் சரிவுகளில் ஏறிவருவது தெளிவாகத் தெரிந்தது. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலைநிலம் என்று இம்மாநிலம் வரையறுத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு விலக்கு அளிக்கப்படும் ஒவ்வொரு முறையும் காட்டின் ஓரம் சற்றுப் பின்வாங்குகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்ததை இத்தீவுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

மாலையில் தண்ணீர்மலைக்கு இறங்கினோம். தைப்பூசத்தன்று காவடிகள் வந்துசேரும் அதே தண்ணீர்மலை. தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தின் அடியில் நம்மவர்கள் சிலர் நின்று பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவன் கோயில்களில் வளர்த்து நமதாக்கிக்கொண்ட அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு ஆபத்தில்லை. ஆபத்தில் இருப்பது, அங்கிருந்து மேலே ஏறும் ஓடைகளின் பாறைகளில் வாழும் கட்டைவிரல் அளவுத் தேரை ஒன்று. பினாங்குத் தேரை என்றே அதற்குப் பெயர். 1870இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அதன் தலைப்பிரட்டைகள் வாயையே உறிஞ்சியாக்கிக்கொண்டு, பாய்ந்தோடும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. ஓடை கலங்கினால் பாறையில் வண்டல் படியும். வண்டல் படிந்தால் பற்றிக்கொள்ள இடமிராது. மேலே எங்கோ ஒரு சரிவில் மண் வெட்டினால் இங்கே ஒரு தலைமுறைத் தேரை போய்விடும். இருட்டும்வரை கைவிளக்குடன் தேடினோம். ஒன்றும் தென்படவில்லை.

மூன்றாம் நாள்: கெராச்சுட்

தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் காப்பகம் இது. நிலமும் கடலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 2,500 ஹெக்டேர்தான். அண்ணன் மகனின் ஒன்பது வயது மகளும் இன்று எங்களுடன் வந்தாள். ஒன்றரை மணி நேர நடையில் அவள் என்னை விட ஒருபோதும் பின்தங்கவில்லை.

வழியில் அவள் கேட்ட கேள்வி: "பாட்டி, இந்தக் காட்டுல புலி இருக்கா?" இல்லை. தீபகற்பம் முழுவதிலும் எத்தனை இருக்கின்றன என்று அடுத்துக் கேட்டாள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைவு. 1950களில் மூவாயிரம் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கண்ணிகளும், காட்டைத் துண்டாக்கிய சாலைகளும், இரையாகும் மான்களின் குறைவும் சேர்ந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. சிறுமி சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "எங்க ஸ்கூல் பிள்ளைங்கள விடக் கம்மி" என்றாள். இத்தனை ஆண்டுகளில் அந்த எண்ணை நான் ஒரு வகுப்புக்கும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

கடற்கரைக்குச் சற்று முன்னால் ஓர் ஏரி இருக்கிறது. அதன் அடியில் உப்புநீரும் மேலே நன்னீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கின்றன. உப்புநீர் கனமானது என்பதால் கீழேயே தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் நிறைந்து, வறண்ட காலத்தில் சேறாகிப்போகும். நாங்கள் போனபோது தண்ணீர் இருந்தது.

கெராச்சுட் கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் 1995 முதல் இயங்குகிறது. அங்கே வேலை செய்யும் மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்று அழைத்தோம். இரவில் ஆமை ஏறிவந்து முட்டையிட்டுப் போனபிறகு, முட்டைகளைப் பக்குவமாக எடுத்துவந்து வேலியடைத்த மணலில் புதைக்கிறார்கள். ஒவ்வொரு குழியின் மேலும் நாளும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். ஏன் மேலே நிழல்வலை கட்டியிருக்கிறீர்கள் என்று சிறுமி மலாயில் கேட்டாள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் எல்லாம் பெண்ணாகப் பிறக்கும். இன்னும் கூடினால் முட்டைக்குள்ளேயே வெந்துவிடும் என்றார் அவர். உலகம் சூடாவதைப் பற்றி நான் படித்திருக்கிற பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு துண்டு வலையில் வந்து நின்றன.

இப்போது வருவது பேராமை. செப்டம்பருக்குப் பிறகு வருவது நம் சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமை என்று அழைக்கப்படுவது. அங்கே பங்குனியை ஒட்டி வருவதால் அந்தப் பெயர். அதே இனம் இங்கே வேறு மாதங்களில் வருகிறது. பேராமையைப் பற்றி மனம் குளிரும் செய்தி ஒன்றும் உண்டு. பல நாடுகள் பல பத்தாண்டுகள் கடற்கரைகளைக் காத்து, முட்டை எடுப்பதைத் தடுத்ததன் பயனாக, 2025இல் செம்பட்டியலில் அதன் உலக நிலை மேம்பட்டு, அழிவுக்குள்ளாகும் இனங்களின் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை வைத்த பேருருவ ஏழுவரி ஆமை, இன்று அங்கே அநேகமாக வருவதே இல்லை. முட்டைகளை முழுவதும் எடுத்துச் சந்தையில் விற்றதும், மீன்வலைகளில் சிக்கி இறந்ததும் காரணங்கள். ஓர் ஆமை பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், முட்டைகள் எல்லாம் தின்னப்பட்ட பின்னரும் முதிய ஆமைகள் வந்துகொண்டேதான் இருந்தன; இழப்பு கண்ணுக்குத் தெரிந்தபோது இடையில் ஒரு தலைமுறையே இல்லாமற்போயிருந்தது. அந்த முட்டைகளை விரும்பிச் சாப்பிட்டவர்களில் எங்கள் தோட்டத்து மக்களும் உண்டு. சின்ன வயதில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் சரியாக இராது.

திரும்புவதற்குப் பேசியிருந்த படகு, அலை பெரிதானதால் வரவில்லை. மழையில் நனைந்தபடியே நடந்து வந்தோம்.

நான்காம் நாள்: பாலிக் புலாவ்

இது டுரியான் பருவம். தீவின் பின்புறத்துப் பாலிக் புலாவில் சாலையோரமெல்லாம் கடைகள். எங்களுக்குத் தெரிந்த சீனக் குடும்பம் ஒன்றின் தோட்டத்தில், வயதான பெண்மணி ஒருவர் 'ஆங் ஹே' என்ற செஞ்சுளை வகையைப் பிளந்து கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே பூவைப் பற்றிக் கேட்டேன்.

டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் தேன் சுரக்கும். விடிவதற்குள் இதழ்கள் கொட்டிவிடும். அந்த நேரத்தில் வருவது வௌவால். பழந்தின்னி வௌவால்களும் வரும் என்றாலும், குகைகளில் ஆயிரக்கணக்கில் தங்கும் தேனுண்ணும் வௌவால்தான் இவ்வேலையை மிகுதியாகச் செய்கிறது. பத்துமலையிலும் அது இருக்கிறது. சிறு வயதில் படியேறும்போது குகைக்குள்ளிருந்து வந்த வாடையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன்; அந்த வாடைக்குரிய உயிரால்தான் நான் தின்னும் டுரியான் காய்க்கிறது. தோட்டக்காரர்கள் சிலர் வௌவாலைப் பூவைக் கெடுக்கும் பகையாக எண்ணி வலைவைத்துப் பிடிப்பதுண்டு. அந்தப் பெண்மணியின் கணவரும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவராம். "இப்ப விரட்டுறதில்ல. அது வரலைனா நாந்தான் ஏணி வச்சு ஏறிப் பூவுக்குப் பூ தடவணும்" என்று மலாயும் ஹொக்கியனும் கலந்து சொன்னார். அம்மாவின் மகரந்தக் குப்பி என் கண்முன் வந்து நின்றது.

ஆனால் டுரியான் ஆண்டில் சில வாரங்கள்தானே பூக்கிறது? மற்ற மாதங்களில் வௌவால் எதைத் தின்னும்? கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் மரங்கள் ஆண்டின் பெரும்பகுதி முழுவதும் பூக்கின்றன. இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து அந்தத் தேனைத் தேடிப் போகிறது வௌவால். ஆகவே சுண்ணாம்புமலையில் ஒரு குகை, கடலோரத்தில் ஒரு சதுப்புக்காடு, மலையடிவாரத்தில் ஒரு பழத்தோட்டம் ஆகிய மூன்றும் ஓர் உயிரின் ஒரே வீடு. சதுப்பை வெட்டி இறால் குளம் தோண்டினால் பல மைல்களுக்கு அப்பால் டுரியான் காய்ப்புக் குறையும். குகைமலையை உடைத்துச் சுண்ணாம்புக்கு அரைத்தாலும் அதேதான். பத்துமலையிலேயே 1980கள் வரை கல் உடைத்தார்கள். அது நிறுத்தப்பட்டதற்கு, முருகன் அங்கே நிற்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பிற்பகலில் சுங்கை பினாங் முகத்துவாரம் வரை போனோம். மண்ணிலிருந்து ஈட்டிகளாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே சேற்றில் சேறுதாண்டி மீன்கள் துள்ளின. தென் பினாங்கின் கரையோர மீனவர்கள் 1990களிலிருந்தே சதுப்புமரக் கன்றுகளைத் தங்கள் கையால் நட்டுவருகிறார்கள். மரம் இல்லாத கரையில் இறாலும் நண்டும் குறைவதைத் தங்கள் வலையில் முதலில் கண்டவர்கள் அவர்கள். தெற்கே கடலைத் தூர்த்துத் தீவு எழுப்பும் வேலை 2023இல் தொடங்கியிருக்கிறது. மாநிலத்தின் வேலைவாய்ப்புக்கு அது வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். சேற்றில் நின்று பார்க்கும்போது என் மனம் மீனவர் பக்கமே சாய்கிறது.

ஐந்தாம் நாள்: தெலுக் பஹாங் சாலை

ஊருக்குத் திரும்பும் முன்னால் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே, இருபக்க மரங்களையும் இணைத்து, பழைய தீயணைப்புக் குழாய்களால் பின்னிய பாலம் ஒன்று தொங்குகிறது. சாலையைக் கடக்க முயன்று வண்டிகளில் அடிபட்டும், மின்கம்பிகளைப் பிடித்தும் லோத்தோங்குகள் இறப்பதைப் பார்த்த 'லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்' என்ற குழுவினர் 2019இல் இதைக் கட்டினார்கள். பல மாதம் குரங்குகளின் வழக்கமான தடங்களைக் குறித்துவைத்து, அவை எந்த இடத்தில் கடக்க விரும்புகின்றன என்று அறிந்தபிறகே பாலத்தை அங்கே கட்டியிருக்கிறார்கள். நெருப்பை அணைக்கப் பயன்பட்டுத் தேய்ந்துபோன குழாய், இரு காடுகளை இணைக்கிறது. செலவும் பெரிதல்ல. ஆயினும் யாராவது முதலில் வெயிலில் மாதக்கணக்கில் நின்று, குரங்கு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமைதான் அரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

காலை எட்டு மணிக்கு எதிரே ஒரு மரத்தடியில் சிறுமியும் நானும் உட்கார்ந்தோம். அவள் தன் பள்ளிக் குறிப்பேட்டில் கோடு போட்டு, நேரம், விலங்கு, எண்ணிக்கை என்று கட்டம் வரைந்திருந்தாள். காத்திருந்த நேரத்தில், அந்த விளக்கப்படத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். காண்டாமிருகத்தை எடுத்துவிடலாமா என்று அன்று அந்த மாணவி கேட்டதையும் சொன்னேன். "எடுக்கக் கூடாது பாட்டி. கீழ தேதி எழுதி வைக்கணும். அப்புறம் பக்கத்துல இடம் இருந்தா அந்தத் தேரையயும் வரையணும்" என்றாள். இடம் இருக்கிறது. தாப்பீருக்குக் கீழே கையகலம் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. சிலந்தியின் கதவையும், மைங்காயா இலையையும், தேனுண்ணும் வௌவாலையும்கூட அதில் வரைந்துவிடலாம். அந்தப் படத்தை அவளுடைய பள்ளிக்கே அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

லோத்தோங்குகள் வரவில்லை. சாலையில் வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஒன்பது நாற்பதுக்கு மலைப்பக்கத்து மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி, பாலத்தின் நடுவில் நின்று வாலைச் சிலிர்த்துக்கொண்டு, கடற்பக்கத்து மரத்துக்குள் ஓடி மறைந்தது. ஆபத்தில் இல்லாத, எங்கும் காணப்படும் வகைதான். சிறுமி கட்டத்தில் '9.40, அணில், 1' என்று எழுதிக்கொண்டாள். 101ஆம் எண் பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டோம்.